தண்ணீர் புகாத கோட்டு

எங்கே போவதானாலும் பத்து நாளைக்கு முன்பே பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவேன். கட்டியதை அவிழ்ப்பேன், மறுபடி கட்டுவேன், பாதி ராமேசுவரத்துக்குப் போகிற துணியும் பாதி கல்யாணத்துக்குப் போகிற துணியுமாகக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். வீட்டில் கேலி செய்யாதவர்கள் கிடையாது. இந்தப் பழக்கம் எனக்கு எப்போது பிடித்தது என்று நன்றாகத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில், பத்தொன்பது வயதில், பனிச்சறுக்குக்குப் போகப் பெட்டி கட்டினேனே, அப்போது.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் ஒரு குப்பம். மார்கழி விடியலில் ஏரியின் மேல் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறினதும் காணாமல் போகிற மூட்டத்துக்குத்தான் அங்கே பனி என்று பெயர். அது காலுக்கடியில் முழங்கால் உயரம் குவிந்து கிடக்கும், அதன் மேல் பலகை கட்டிக்கொண்டு வழுக்கிப் போவார்கள் என்று நான் சொன்னபோது அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் சென்னையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். குப்பத்திலிருந்து பஸ்ஸில் கவரைப்பேட்டை, அங்கிருந்து ரயிலில் சென்னை. கல்லூரியில் காக்கி உடுத்தி அணிவகுக்கும் படையில் சேர்ந்திருந்தேன். சேர்ந்ததற்கு முக்கியக் காரணம் அணிவகுப்பு முடிந்ததும் கொடுக்கும் பூரி கிழங்கு. ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் நான் முதலாவதாக வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. படகு தள்ளின கை. குலு பள்ளத்தாக்கில் மூன்று வாரப் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருத்தி நான். மூன்றாவதாக வந்தவளைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருந்தார்கள். அவள் தினமும் என்னிடம் வந்து "எல்லாம் ரெடியா?" என்று கேட்பாள். அவள் அன்பாகத்தான் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் எல்லாம் ரெடியாக இல்லை. புறப்படுகிற நாள் காலை பத்து மணிக்கு, மற்றக் கல்லூரிப் பெண்களையும் சேர்த்து எங்கள் கல்லூரியில் சோதனை. பட்டியலில் உள்ள சாமான் எல்லாம் இருக்க வேண்டும். தகப்பனார் ஒப்புதல் கொடுத்த சம்மதப் பத்திரமும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் என் இடம் மூன்றாமவளுக்குப் போய்விடும் என்று படைக்குப் பொறுப்பான மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாமானைத் தேடிப் பிடித்துவிடலாம். நைனாவின் கைநாட்டை எங்கே தேடுவது?

நைனா சரியான கல்லுளிமங்கன். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்திருப்பேன். அவர் அதற்கும் வழி விடவில்லை. நான் பத்திரத்தை நீட்டினால் வலையைப் பார்ப்பார். வலை இல்லாவிட்டால் வானத்தைப் பார்ப்பார். "பாக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. குப்பத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்: வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் எவனாவது அனுப்புவானா, திரும்பி வந்தால் யார் கட்டுவார்கள் என்று. அதெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அவரிடமிருந்து வாங்க முடியாததற்குப் பதிலாக ஊரிலிருந்து எல்லாவற்றையும் வாங்கினேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல அலைந்தேன். கம்பளிக் குல்லா மூர் மார்க்கெட்டில் பழைய துணிக் கடையில் கிடைத்தது. பனியில் வெயில் பட்டால் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்று போட்டிருந்தது. திருவள்ளூர் கண் முகாமில் புரை எடுத்த என் அத்தையிடம் பச்சைக் கண்ணாடி ஒன்று இருந்தது, பக்கவாட்டிலும் மறைப்பு வைத்தது. அதைக் கேட்டதும் அத்தை கழற்றிக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு திரிந்தாள். கையுறைக்குத்தான் திண்டாட்டம். கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்த எங்கள் குப்பத்து அண்ணன் தன்னுடைய தோல் கையுறையைத் தந்தார். முழங்கை வரைக்கும் வந்தது. இரண்டு விரலில் பொத்தல்; அம்மா வலைநூலால் தைத்தாள்.

மீதி இருந்தது கோட்டு. தடித்த கம்பளிக் கோட்டு, தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். புதுவாயல் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருந்தவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நைனா சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்பது அவர் கடை வாசலில்தான். அவரிடம் ஒரு பழைய ராணுவக் கோட்டு இருந்தது. நான் போய்க் கேட்டதும், இந்த ஊர் வெயிலில் அதை வைத்துக்கொண்டு பூச்சிக்குத்தான் தீனி போட்டுக்கொண்டிருக்கிறேன், நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். என் கணுக்கால் வரைக்கும் தொங்கியது. கனமோ கனம். ஆனால் கம்பளி, தண்ணீரைக் குடிக்கும். மேடம் அதைக் கண்டுகொள்ளாமல் விடமாட்டாரா என்று பார்க்கலாம் என்றிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் தகரப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்து, பட்டியலை உரக்கப் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அது எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். நைனா கதவோரம் உட்கார்ந்து வலைக்கு மடி கட்டிக்கொண்டிருந்தார். "தண்ணி உள்ள போவாத கோட்டு" என்று நான் படித்ததும் நிமிர்ந்தார். அந்த ஒரு வாரத்தில் இந்தப் பயணத்தைப் பற்றி அவராகக் கேட்டது அப்போதுதான்.

"அங்க தண்ணி கீதா?"

"தண்ணியெல்லாம் இல்ல நைனா. எல்லாம் ஒறைஞ்சி மாவு மாதிரி கெடக்கும்."

"வெயில் வந்தா?"

"உருகும்."

"அப்ப தண்ணிதானே" என்றார் நைனா. மறுபடி குனிந்துகொண்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் பத்திரத்தைப் பற்றிப் பேச்செடுப்பாரா என்று காத்துக்கொண்டிருக்கிறேன், இவர் உருகுமா உருகாதா என்கிறார். பெட்டியை மூடினேன். திறந்தேன். கையுறையை அடியில் வைத்தேன், பிறகு மேலே வைத்தேன்.

நைனாவுக்குக் குளிர் என்றால் தண்ணீர்தான். இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். தை மாதம் விடியலில் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நின்று வலை இழுப்பவருக்குக் காற்றும் வானமும் குளிர்வதில்லை. உள்ளே புகுந்த தண்ணீர்தான் குளிர். அது புகாமல் இருந்துவிட்டால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, படகுக்கும் ஒன்றும் ஆகாது. படகுக்கு அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை செய்வது உண்டு. சுறா ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டு மறுபடி காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் பலகையில் தேய்ப்பார். அன்றைக்குக் குப்பத்துக்கு வருகிற வெளியாட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது, தெருமுனையிலேயே அந்த வாடை வந்தது. யாரோ படகுக்குப் பூசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் வாசலில் இரண்டு துடுப்புகளை நட்டு, குறுக்கே மூங்கிலைக் கட்டி, அதில் என் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் பளபளவென்று மின்னியது. கைகளிரண்டும் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் நைனா, எண்ணெய் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா இது?"

"தண்ணி உள்ள போவாது" என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாக இப்போது ஞாபகம் வருகிறது. அன்றைக்கு நான் அதைப் பார்க்கவில்லை.

எனக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்குச் சோதனை. முப்பது பெண்களுக்கு நடுவில் நான் இதை விரித்துக் காட்ட வேண்டும். ஒரு வாரமாக வாயைத் திறக்காத மனுஷர், கேட்ட கைநாட்டைப் போடாத மனுஷர், கேட்காத வேலையைச் செய்து வைத்திருக்கிறார். வேண்டுமென்றே செய்தது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"நான் போவக்கூடாதுன்னுதானே இப்பிடிப் பண்ணிக்கீற? நேரா சொல்ல வாய் வரல. உன் நாத்தம் உன்னோட இருக்கட்டும் நைனா, என் முதுகுல ஏன் ஏத்தி அனுப்புற?"

நைனா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். எண்ணெய் முழங்கை வரை வழிந்திருந்தது. இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு கரைப் பக்கம் நடந்து போய்விட்டார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "இன்னாடி வாயி இது" என்று மட்டும் சொன்னாள்.

நான் கோட்டை இழுத்துக் கீழே போட்டேன். வெந்நீர் வைத்தேன். அரப்பு, சவுக்காரம், அடுப்புச் சாம்பல், கிடைத்ததையெல்லாம் போட்டு இடது தோள் பக்கத்தில் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தேன். கம்பளி பிசிறு பிசிறாக எழும்பியது. என் விரல் தோல் உரிந்தது. பொழுது சாய்கிறவரை தேய்த்து ஒரு சாண் அகலம் வெளுத்தது, அவ்வளவுதான். வாடை கொஞ்சமும் குறையவில்லை. அரப்பு வாடையும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

விடிந்தபோது நைனா ஏரிக்குப் போய்விட்டிருந்தார். பத்திரத்தை அவரிடம் மறுபடி நீட்டுகிற பேச்சே இல்லை. கோட்டைச் சுருட்டி உர மூட்டைச் சாக்கில் திணித்து, அம்மாவும் நானும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனோம். அம்மா ஒரு பொட்டலம் இறால் பொடியை என் கையில் திணித்தாள். கவரைப்பேட்டையில் நான் ஏறின பெட்டியில் நல்ல கூட்டம். மீஞ்சூர் வருவதற்குள் என்னைச் சுற்றி இடம் விட்டுவிட்டார்கள்.

ரயிலில் ஒரு யோசனை செய்தேன். அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கைநாட்டு என்பது கட்டைவிரல்தானே, என் விரலை வைத்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கல்லூரி அலுவலகத்தில் மை ஒத்தும் டப்பா உண்டு. என் விரல் சின்னதாகத் தெரியுமே, இரண்டு தடவை உருட்டி வைத்தால் பெரிதாகத் தெரியும். சென்ட்ரல் போய்ச் சேருகிறவரை இந்தக் கணக்குத்தான் மனதில் ஓடியது.

கல்லூரியில் முற்றத்து மரத்தடியில் வரிசையாக நின்றோம். அலுவலகத்துக்கு ஓடி டப்பாவில் விரலைத் தொட்டு மையோடு வந்துவிட்டேன். பெட்டி மூடியின் உறையில் நோட்டு, நோட்டுக்குள் பத்திரம். மேடம் எனக்கு இரண்டு பேர் தள்ளி நின்றார். கீழே குந்தி, பத்திரத்தை எடுத்து மடியில் விரித்தேன்.

கைநாட்டு இருந்தது.

ஊதா மையில், பெரிய கட்டைவிரல், நடுவில் வலைக் கயிறு அறுத்த தழும்போடு. அதைச் சுற்றி எண்ணெய் ஊறிப் பத்திரத்தில் வட்டமாக ஒரு கறை. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரிந்தது. கீழே சுபேதாரின் கையெழுத்து, சாட்சி என்று. முந்தின நாள் கோட்டுக்கு முதல் பூச்சுப் பூசிவிட்டு, அடுத்த பூச்சுக்கு முன்னால் எண்ணெய்க் கையோடு சைக்கிளில் புதுவாயல் போய், எங்கே வைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு வந்து, எடுத்த இடத்திலேயே மறுபடி வைத்திருக்கிறார். நான் வந்து கத்துவதற்கு முன்பே. சொல்ல அவருக்கு நான் இடம் கொடுத்தால்தானே.

என் விரலில் இருந்த மையைப் பாவாடையில் தேய்த்தேன். போகவில்லை. அப்படி ஒரு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மேடம் கோட்டைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். வரிசை கலைந்தது. அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதன் முதுகில் ஊற்றினார். தண்ணீர் உருண்டு உருண்டு தரையில் விழுந்தது. பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு, ரயிலில் இதைக் கழிப்பறைப் பக்கம்தான் வைக்க வேண்டும் என்றார்.

தில்லிக்குப் போகிற ரயில் எங்கள் வழியாகத்தான் போகும். அன்று சாயங்காலம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவரைப்பேட்டையில் அது நிற்காது. ஒரு நிமிஷம்கூட இல்லை, பெயர்ப் பலகை வந்தது, போனது. இறங்கி ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் போலிருந்தது. என்ன வார்த்தை என்றுதான் தெரியவில்லை.

மலையில் எங்களுக்கு எல்லாம் கொடுத்தார்கள். காற்றுப் புகாத சட்டை, பூட்ஸ், கையுறை, கண்ணாடி, எல்லாம். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனதில் பாதிக்கு வேலையே இல்லை. என் கோட்டு சாக்கோடு வராந்தா மூலையில் கிடந்தது. அந்தக் குளிரில் வாடையும் உறைந்துபோய், யாரும் குறை சொல்லவில்லை. அம்மாவின் இறால் பொடியை மட்டும் நான்காம் நாளே பயிற்சிக்கு வந்திருந்த பஞ்சாபிப் பெண்கள் தீர்த்துவிட்டார்கள்.

முதல் நாள் காலை சறுக்குப் பலகைகளைத் தயார் செய்யச் சொன்னார்கள். அடிப்பக்கத்தில் மெழுகு தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பனி ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் மெழுகைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் கை தானாகப் போயிற்று. மரத்தின் ஓட்டத்தோடு, நீளவாக்கில், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி, சூடு ஏறும்வரை. பயிற்சியாளர் நின்று பார்த்துவிட்டு, எங்கே கற்றாய் என்று கேட்டார். நான் தலை நிமிராமல் அடுத்த பலகையை எடுத்தேன்.

விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். மூன்றாவது வாரத்தில் விழாமல் சரிவு முழுக்க வந்தேன். அந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. ஏரியில் காற்று சரியாகப் பாயில் விழுந்து படகு எழும்புமே, அந்த மாதிரி. ஆனால் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஒரே நினைப்பு வந்து குடைந்தது. போனதும் நைனா என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அதற்குப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கடைசி நாள் காலை எல்லோருக்கும் முன்னால் எழுந்து தயாரானேன். அவர்கள் கொடுத்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, சாக்கைப் பிரித்துக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பலகை மாதிரி விறைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சறுக்க முடியாது, நடப்பதே பாடு. வெயில் ஏறிப் பனி ஈரமாகிற நேரம் பார்த்து, சரிவின் அடியில் மல்லாந்து படுத்தேன். புரண்டேன். குப்புறப் படுத்தேன். கூட வந்தவர்கள் எனக்கு மலைக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அரை மணி நேரம் கிடந்துவிட்டு எழுந்து, கோட்டைக் கழற்றி உள்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன்.

ஊருக்கு வந்து இறங்கியபோது நைனா கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியையும் பார்க்கவில்லை. நேராகச் சாக்கை எடுத்துக் கோட்டை உருவினார்.

"தண்ணி உள்ள பூந்துச்சா?"

இரண்டரை நாள் ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

"பூந்துச்சி நைனா. ஒரு எடத்துல."

அவர் முகம் விழுந்துவிட்டது. எங்கே என்றார். இடது தோளைத் திருப்பிக் காட்டினேன். வெளுத்துப் பிசிறு எழும்பின அந்த ஒரு சாண்.

"நான் தேச்சிக் கழுவுன எடத்துல மட்டும்" என்றேன்.

நைனா அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் எண்ணெய் டப்பாவோடு வந்தார். உட்கார்ந்து, கோட்டின் தோளை மடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு, டப்பாவை என் பக்கம் தள்ளினார்.